மாணவர் கடன் தள்ளுபடிச் செய்திகளில் அரசியல் சாய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் மாணவர் கடன் தள்ளுபடி பற்றி ஒரு அறிவிப்பு வந்தால் போதும், ஒரே விஷயத்தைப் படித்த இரண்டு பேர் இரண்டு வேறு நாடுகளில் வாழ்பவர்கள் மாதிரி பேசிக்கொள்கிறார்கள். அவர்கள் படித்த செய்திகளே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. சில வருடமாக இரண்டு பக்கத்துச் செய்திகளையும் விடாமல் படித்து வருவதால், நண்பர்களும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், எந்தத் தள்ளுபடியைப் பற்றிப் பேசுகிறோம்?

குழப்பமே இங்கேதான் தொடங்குகிறது. பெரும்பாலானவர்கள் மனதில் இருப்பது 2022 ஆகஸ்ட் 24 அன்று ஜோ பைடன் அறிவித்த திட்டம். வருடத்துக்கு 1,25,000 டாலருக்குள் (தம்பதியாக இருந்தால் 2,50,000 டாலருக்குள்) சம்பாதிப்பவர்களுக்கு 10,000 டாலர் வரை கடன் ரத்து. அவர்களில் பெல் கிராண்ட் என்ற ஏழை மாணவர் உதவித்தொகை வாங்கிப் படித்தவர்களுக்கு 20,000 டாலர் வரை. ஃபெடரல், அதாவது மத்திய அரசின், மாணவர் கடன் வைத்திருப்பவர்கள் சுமார் 4.3 கோடிப் பேர், மொத்தப் பாக்கி சுமார் 1.6 லட்சம் கோடி டாலர். சில வாரங்களுக்குள் ஏறக்குறைய 2.6 கோடிப் பேர் விண்ணப்பித்தார்கள். ஆனால் அந்தத் திட்டத்தில் ஒருவருக்குக்கூட ஒரு டாலர் தள்ளுபடி ஆகவில்லை. 2023 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 என்று தீர்ப்பளித்து அதை ரத்து செய்துவிட்டது.

இதற்கு வெளியே, பழைய சட்டங்களில் ஏற்கெனவே எழுதப்பட்ட தள்ளுபடிகள் இருக்கின்றன. அரசிலோ, பள்ளியிலோ, லாப நோக்கமற்ற நிறுவனத்திலோ வேலை செய்துகொண்டே 120 தவணை கட்டி முடித்தால் மீதி ரத்தாகும் பொதுச்சேவைத் தள்ளுபடி ஒன்று. அது 2007ல் ஜார்ஜ் டபிள்யூ புஷ் கையெழுத்திட்ட சட்டம். வருமானத்துக்கு ஏற்ற தவணைத் திட்டங்களில் 20 அல்லது 25 வருடம் கட்டிய பிறகு வரும் தள்ளுபடி இன்னொன்று. நிரந்தர உடல்நலப் பாதிப்பால் வேலை செய்ய முடியாதவர்களுக்கு ஒன்று. கல்லூரியே மாணவர்களை ஏமாற்றியிருந்தால் ஒன்று: 2015ல் திவாலான கொரிந்தியன் கல்லூரிகளில் படித்த 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடன் 2022 ஜூனில் ரத்தானது இந்த வகையில்தான். இத்தனையையும் "பைடனின் கடன் தள்ளுபடி" என்று ஒரே பெயரில் எழுதுவதை இரண்டு தரப்பும் செய்கின்றன. ஆதரிக்கும் தரப்புக்கு அது சாதனைக் கணக்கு, எதிர்க்கும் தரப்புக்கு ஊதாரித்தனக் கணக்கு. கல்லூரியிடம் ஏமாந்தவரும், பத்து வருடம் அரசுப் பள்ளியில் பாடம் நடத்தியவரும், 2022 திட்டத்தில் 10,000 டாலர் எதிர்பார்த்தவரும் ஒரே ஆள் ஆகிவிடுகிறார்கள்.

சாய்வு என்றால் பொய் எழுதுகிறார்கள் என்றா சொல்கிறீர்கள்?

இல்லை. அப்பட்டமான பொய்யைப் பெரிய ஊடகங்களில் நான் அதிகம் பார்த்ததில்லை. முதல் பத்தியில் யாரை நிறுத்துகிறார்கள் என்பதில்தான் பாதி வேலை முடிந்துவிடுகிறது. ஒரு பக்கத்தில் இரண்டு வேலை பார்க்கும் நர்ஸ் அல்லது பள்ளி ஆசிரியை. இன்னொரு பக்கத்தில் கல்லூரிக்கே போகாத பிளம்பர், அல்லது பட்டினி கிடந்து கடனை அடைத்து முடித்த ஒரு தந்தை. எல்லோரும் நிஜமான மனிதர்கள்தான், அவர்கள் சொல்வதும் உண்மைதான். ஆனால் நர்ஸோடு தொடங்கும் கட்டுரையை முடிக்கும்போது நீங்கள் ஒரு மனநிலையிலும், பிளம்பரோடு தொடங்கும் கட்டுரையை முடிக்கும்போது வேறொரு மனநிலையிலும் இருப்பீர்கள்.

அரசியல்வாதிகளும் இதைத் தெரிந்தேதான் பேசுகிறார்கள். அறிவிப்பு வந்த சில நாட்களில் குடியரசுக் கட்சி செனட்டர் டெட் குரூஸ், உருப்படாத படிப்பைப் படித்துவிட்டுக் காபிக்கடையில் வேலை செய்யும் சோம்பேறி ஒருவரை உதாரணமாகக் காட்டினார். செனட்டில் அக்கட்சியின் தலைவராக இருந்த மிட்ச் மெக்கானல், கடனை ஒழுங்காகக் கட்டியவர்களுக்கும் சேமித்துப் படிக்க வைத்த குடும்பங்களுக்கும் இது கன்னத்தில் விழுந்த அறை என்றார். அந்த வரிகள் அப்படியே தலைப்புகளாயின.

இரண்டு பக்கமும் முதல் பத்தியில் நிறுத்தாத ஒருவர் இருக்கிறார். கல்லூரியில் சேர்ந்து, கடன் வாங்கி, பட்டம் முடிக்காமலே வெளியே வந்தவர். கடனைக் கட்ட முடியாமல் திணறுபவர்களில் இவர்கள்தான் அதிகம்; கடன் தொகை சிறியதாக இருந்தும் கட்ட முடிவதில்லை, ஏனென்றால் பட்டம் தரும் சம்பளம் கைக்கு வரவே இல்லை. இவரை வைத்து எழுதினால் "படித்த மேல்தட்டுக்குச் சலுகை" என்ற வாதமும் இடிக்கும், "கல்லூரிக் கல்வி எல்லோரையும் உயர்த்தும்" என்ற நம்பிக்கையும் இடிக்கும். அதனால்தான் இவர் விடுபட்டுப் போகிறார் என்று நினைக்கிறேன்.

"வாங்கிய கடனைக் கட்ட வேண்டியதுதானே" என்று சொல்வது சாய்வா?

அது ஒரு கருத்து, நேர்மையான கருத்துகூட. ஆனால் அந்தக் கடன் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லாமல் அந்தக் கருத்தை மட்டும் செய்தியாகப் போட்டால் பாதிச் செய்திதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30,000 டாலர் கடன், வட்டி 6 சதவீதம், மானியம் இல்லாத வகை. வருட வட்டி 1,800 டாலர், அதாவது மாதம் 150. சம்பளம் குறைவு என்பதால் வருமானத்துக்கு ஏற்ற திட்டத்தில் மாதத் தவணை 80 டாலர் என்று நிர்ணயம் ஆகிறது. ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டுகிறார். ஆனாலும் மாதாமாதம் 70 டாலர் வட்டி பாக்கி நிற்கிறது. பத்து வருடம் கழித்து 9,600 டாலர் கட்டி முடித்திருப்பார், பாக்கி 38,400 டாலர் என்று காட்டும். வாங்கியதைவிட 8,400 அதிகம். இவர் "கடன் கட்டாதவர்" இல்லை. பழைய திட்டங்கள் பலவற்றில் நிஜமாகவே இப்படித்தான் நடந்தது. 2023ல் வந்த சேவ் என்ற தவணைத் திட்டம் கட்டாத வட்டி இப்படிக் குவிவதைத்தான் நிறுத்தப் பார்த்தது, அது பற்றி கீழே வருகிறது. இந்த ஒரு பத்தியைப் போட எந்தப் பத்திரிகைக்கும் இடம் இருக்கும். ஆதரித்து எழுதுபவர்கள்கூட "கடன் சுமையில் தவிக்கிறார்கள்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள், வட்டி எப்படி ஏறுகிறது என்று காட்டுவதில்லை.

ஒரே திட்டத்துக்கு எப்படி இத்தனை செலவுக் கணக்கு?

2022 திட்டத்துக்கு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் போட்ட மதிப்பீடு சுமார் 40,000 கோடி டாலர். வெள்ளை மாளிகை சொன்னது வருடத்துக்கு சராசரியாக 2,400 கோடி டாலர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பென் வார்ட்டன் பட்ஜெட் ஆய்வுக்குழு 50,000 கோடி டாலரையொட்டிச் சொன்னது, தவணைத் திட்ட மாற்றங்களையும் சேர்த்தால் ஒரு லட்சம் கோடியைத் தாண்டலாம் என்றும் சொன்னது. அப்புறம் ஒரு வரி செலுத்துவோர் அமைப்பு, தலைக்குச் சுமார் 2,000 டாலர் சுமை என்று கணக்குக் காட்டியது.

ஒவ்வொன்றுக்கும் பின்னால் வேறு வேறு அனுமானங்கள். வெள்ளை மாளிகை தகுதியுள்ளவர்களில் 75 சதவீதம் பேர்தான் விண்ணப்பிப்பார்கள் என்று எடுத்துக்கொண்டு, பத்து வருடத்துக்குப் பிரித்துக் காட்டியது. பட்ஜெட் அலுவலகம் பல பத்தாண்டுகளில் வராமல் போகும் தவணைகளை இன்றைய மதிப்பில் கூட்டியது. தலைக்கு 2,000 என்பது மொத்தத்தை வரி செலுத்துபவர்களின் எண்ணிக்கையால் வகுத்தது. யார் வீட்டுக்கும் 2,000 டாலருக்கு பில் வரப்போவதில்லை. தனக்குப் பிடித்த எண்ணை மட்டும் தலைப்பில் போட்டுவிட்டு, அது எத்தனை வருடக் கணக்கு என்றே சொல்லாமல் விட்டால் அது சாய்வுதான்.

சரி, பலன் பணக்காரர்களுக்குப் போனதா, ஏழைகளுக்கா?

போயிருந்தால் யாருக்குப் போயிருக்கும் என்று கேட்க வேண்டும், ஏனென்றால் திட்டம் நடக்கவே இல்லை. இதில் எனக்கு வியப்பாக இருந்தது, எதிரெதிர் வாதத்துக்கு ஒரே ஆய்வுக்குழுவின் எண்கள் பயன்பட்டதுதான். அறிவிப்புக்கு முந்தைய நாள் பென் வார்ட்டன் குழு, 10,000 டாலர் தள்ளுபடி என்றால் பலனில் 69 முதல் 73 சதவீதம் வருமான அடுக்கின் மேல் 60 சதவீதக் குடும்பங்களுக்குப் போகும் என்றது. பெல் கிராண்ட் சேர்ந்த உண்மையான திட்டம் வந்தபின் அதே குழு, பலனில் சுமார் 75 சதவீதம் வருடத்துக்கு 88,000 டாலர் அல்லது அதற்குக் குறைவாகச் சம்பாதிக்கும் குடும்பங்களுக்குப் போகும் என்றது. "மேல் 60 சதவீதம்" என்றால் பணக்காரர் போலக் காதில் விழுகிறது. யோசித்துப் பாருங்கள், நடுத்தர வர்க்கம் முழுக்க அந்த மேல் 60 சதவீதத்துக்குள்தான் வருகிறது. எதிர்த்தவர்கள் முதல் எண்ணை வைத்துக்கொண்டார்கள், ஆதரித்தவர்கள் இரண்டாவதை. வெள்ளை மாளிகை தன் பங்குக்கு, படிப்பை முடித்து வெளியே வந்தவர்களில் 75,000 டாலருக்குள் சம்பாதிப்பவர்களுக்கே ஏறக்குறைய 90 சதவீதம் போகும் என்றது; அது தனிநபர் வருமானக் கணக்கு.

இடதுசாரி ஊடகம் ஆதரித்தது, வலதுசாரி ஊடகம் எதிர்த்தது, அவ்வளவுதானே?

அவ்வளவு சுலபமில்லை. வாஷிங்டன் போஸ்ட்டின் ஆசிரியர் குழு இந்தத் திட்டத்தை எதிர்த்துத் தலையங்கம் எழுதியது, அதுவும் அறிவிப்பு வந்த அன்றே. ஒபாமாவின் பொருளாதார ஆலோசகராக இருந்த ஜேசன் ஃபர்மன், ஏற்கெனவே எரியும் பணவீக்கத்தில் இது பெட்ரோல் ஊற்றுகிறது என்று கடுமையாக விமர்சித்தார். கிளிண்டன் காலத்தில் நிதியமைச்சராக இருந்த லாரி சம்மர்ஸும் எதிர்த்தார். அப்போது கீழவைத் தலைவராக இருந்த ஜனநாயகக் கட்சியின் நான்சி பெலோசி 2021 ஜூலையில், கடனைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் அதிபருக்கு இல்லை, தள்ளிப்போட மட்டுமே முடியும் என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் 2023 தீர்ப்பில் அந்த வார்த்தைகளையே எடுத்துக் காட்டினார். பைடன்கூட 2021 பிப்ரவரியில், 50,000 டாலர் தள்ளுபடி கேட்ட ஒரு பெண்ணிடம் அதைச் செய்ய மாட்டேன் என்று நேரடியாகச் சொன்னவர்தான்.

ஜனநாயகக் கட்சி பக்கம் சாய்ந்த தொலைக்காட்சிகள் பெலோசியின் பேச்சை நினைவுபடுத்தத் தயங்கின. எதிர்ப்பக்கம் ஃபர்மனை மணிக்கொரு முறை காட்டியது, ஆனால் 2020 மார்ச்சில் தவணைகளையும் வட்டியையும் முதலில் நிறுத்தி வைத்தது ட்ரம்ப் ஆட்சி என்பதைச் சொல்ல மறந்தது. அந்த நிறுத்தம் 2023 செப்டம்பர் வரை நீண்டது, அதற்கும் அரசுப் பணம்தான் செலவானது.

தலையங்கப் பக்கமும் செய்திப் பக்கமும் வேறு வேறு ஆட்கள் எழுதுவது என்பதையும் மனதில் வையுங்கள். வால் ஸ்ட்ரீட் ஜர்னலின் தலையங்கத்தைப் படித்துவிட்டு அதன் நிருபர்களைத் திட்டுவது நியாயமில்லை.

சிறு தொழில்களுக்கு அரசு கொடுத்த கடனைத் தள்ளுபடி செய்யவில்லையா? அதை ஏன் யாரும் கேட்கவில்லை?

கேட்டார்கள், பலமாகவே. கொரோனா காலத்தில் சம்பளப் பாதுகாப்புத் திட்டம் என்று சுமார் 80,000 கோடி டாலர் கடன் கொடுத்து அதில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்தார்கள். 2022 ஆகஸ்ட் 25 அன்று வெள்ளை மாளிகையின் ட்விட்டர் கணக்கே, மாணவர் தள்ளுபடியைத் திட்டிய குடியரசுக் கட்சி உறுப்பினர்களின் பெயரையும் அவர்களுக்குத் தள்ளுபடியான தொகையையும் வரிசையாகப் போட்டது. மார்ஜரி டெய்லர் கிரீனுக்கு 1,83,000 டாலருக்கு மேல், மேட் கேட்ஸுக்கு 4,82,000 டாலருக்கு மேல். அன்று அதுதான் பெரிய செய்தி.

இந்த ஒப்பீட்டில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தத் தொழில் கடன், ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுத்தால் தள்ளுபடி என்ற நிபந்தனையோடுதான் காங்கிரஸால் உருவாக்கப்பட்டது. மாணவர் கடன் அப்படிக் கொடுக்கப்படவில்லை. இந்த வித்தியாசத்தை ஆதரவு ஊடகங்கள் பல விழுங்கிவிட்டன. மறுபக்கம், "அது வேலையைக் காப்பாற்றியது" என்று முடித்துக்கொண்டவர்கள், டேவிட் ஆட்டர் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்களின் ஆய்வைச் சொல்லவில்லை. அந்தப் பணத்தில் 23 முதல் 34 சதவீதம்தான் வேலை இழந்திருக்கக்கூடிய ஊழியர்களுக்குப் போனது, மீதி முதலாளிகள், பங்குதாரர்கள் பக்கம் போனது என்று அந்த ஆய்வு கண்டது. எது தகுதியான உதவி, எது ஓசிப் பணம் என்பதை எந்தத் தரப்பு எப்படி முடிவு செய்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

"ட்ரம்ப் நியமித்த நீதிபதி தடுத்தார்" என்று எழுதுவது தவறா?

தகவலாகத் தவறில்லை. 2022 நவம்பரில் டெக்சாஸில் திட்டத்தை ரத்து செய்த மார்க் பிட்மன் ட்ரம்ப் நியமித்தவர்தான். ஆனால் எல்லா நீதிபதிக்கும் அந்த அடைமொழியைப் போட வேண்டும். 2022 அக்டோபரில் திட்டத்தை எதிர்த்து ஆறு மாநிலங்கள் போட்ட வழக்கைத் தள்ளுபடி செய்து பைடனுக்குச் சாதகமாக முடிவு சொன்ன ஹென்றி ஆட்ரி, புஷ் நியமித்தவர். 2024 ஜூனில் சேவ் திட்டத்தின் பகுதிகளை நிறுத்திய கான்சாஸ், மிசோரி நீதிபதிகள் இருவருமே ஒபாமா நியமித்தவர்கள். பிட்மனின் அடைமொழியை நான் பார்க்காத கட்டுரை குறைவு, இந்த இருவருக்கும் அதே அழுத்தம் கிடைக்கவில்லை.

உச்ச நீதிமன்றம் தடுத்த பிறகும் பைடன் தள்ளுபடி செய்தாரே, அது சட்டத்தை மீறியது இல்லையா?

2024 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவில் பேசும்போது, நீதிமன்றம் தடுத்தது, ஆனால் அது என்னை நிறுத்தவில்லை என்ற பொருளில் பைடன் பேசினார். எதிர்த்தரப்புக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது, அதிபர் நீதிமன்றத்தை மீறுகிறார் என்று பல நாள் ஓடியது. அன்று அவர் அறிவித்தது சுமார் 1,53,000 பேருக்கு 120 கோடி டாலர் தள்ளுபடி, சேவ் திட்டத்தின் கீழ். நீதிமன்றம் ரத்து செய்தது நெருக்கடிக் காலத்தில் மாணவர் கடன் விதிகளைத் தளர்த்த உதவும் 2003ம் வருட ஹீரோஸ் சட்டத்தை வைத்துப் போட்ட மொத்தத் தள்ளுபடியை. சேவ் வேறு சட்டத்தில் நின்ற வேறு திட்டம்.

ஆதரவு ஊடகங்கள் இத்தோடு நிறுத்திக்கொண்டன. ஆனால் சேவ் திட்டமும் சட்டம் அனுமதித்த எல்லையைத் தாண்டுகிறதா என்ற கேள்வி அப்போதே இருந்தது. சில மாதத்தில் நீதிமன்றங்கள் அதையும் நிறுத்தின. லட்சக்கணக்கானவர்கள் தவணையும் இல்லாமல், தள்ளுபடிக் கணக்கும் நகராமல் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். முன்கூட்டியே ஒழுங்காக எச்சரித்திருந்தால் சிலராவது வேறு திட்டத்துக்கு மாறியிருப்பார்கள். இந்தச் சாய்வுக்கு விலை கொடுத்தவர்கள் அந்தச் செய்தியை நம்பிய வாசகர்கள்தான், அதுதான் எனக்குக் கோபமாக இருக்கிறது.

பைடன் பதவி முடியும்போது, பழைய சட்டங்களின் வழியாக 50 லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்கு 18,000 கோடி டாலருக்கு மேல் தள்ளுபடி ஆகியிருந்தது.

மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கருத்துக்கணிப்பு சொல்லுமே?

என்பிஆர் வானொலிக்காக இப்சோஸ் 2022 ஜூனில் எடுத்த கணிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 10,000 டாலர் தள்ளுபடிக்கு 55 சதவீதம் ஆதரவு. அதே கணிப்பில், இருக்கும் கடனைத் தள்ளுபடி செய்வது முக்கியமா, கல்லூரிச் செலவைக் குறைப்பது முக்கியமா என்று கேட்டபோது 82 சதவீதம் பேர் செலவைக் குறைப்பதைத்தான் சொன்னார்கள், 16 சதவீதம்தான் தள்ளுபடியை. "பெரும்பான்மை ஆதரவு" என்று ஒரு தலைப்பு, "ஆறில் ஒருவருக்குத்தான் தள்ளுபடி முக்கியம்" என்று இன்னொரு தலைப்பு, இரண்டுக்கும் ஒரே கணிப்பு ஆதாரம்.

நிவாரணம், ரத்து, இலவசம் என்று ஆளுக்கொரு பெயர் வைக்கிறார்களே?

ஆமாம், பெயரைப் பார்த்தே எழுதியவர் நிற்கும் இடம் தெரிந்துவிடும். இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம்.

எந்தக் கட்சிச் சாய்வும் இல்லாத செய்திகளை நம்பலாமா?

அங்கே வேறு சிக்கல். "புதிய கடன் தள்ளுபடி, இந்த வாரமே" என்று வாரா வாரம் வரும் தனிநபர் நிதிக் கட்டுரைகளுக்குக் கட்சி கிடையாது, க்ளிக்தான் வேண்டும். உள்ளே போய்ப் பார்த்தால் ஏற்கெனவே இருக்கும் பொதுச்சேவைத் திட்டத்தைப் பற்றி எழுதியிருப்பார்கள். இந்த ஆசையைக் கிளப்பிவிட்ட பிறகுதான், கட்டணம் கொடுத்தால் கடனை ரத்து செய்து தருகிறோம் என்று மோசடிக்காரர்கள் போன் செய்கிறார்கள். ஃபெடரல் திட்டங்களுக்கு விண்ணப்பிக்க யாருக்கும் ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை.

என் பையன் அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கிறான். இந்தத் தள்ளுபடி அவனுக்கு உண்டா?

மாணவர் விசாவில் போனவர் என்றால் இல்லை. எஃப்-1 விசாவில் இருப்பவர்களுக்கு ஃபெடரல் மாணவர் கடனே கிடையாது. இந்திய வங்கியிலோ தனியார் நிறுவனத்திலோ வாங்கிய கடனை அமெரிக்க அரசு தொடாது. தமிழ் யூடியூப் சேனல்கள் "அமெரிக்காவில் கல்விக் கடன் ரத்து" என்று தலைப்பு வைக்கும்போது இந்த ஒரு வரியைச் சேர்த்தால் ஊரில் இருக்கும் எத்தனையோ பெற்றோர் வீணாக நம்பிக்கை வைக்க மாட்டார்கள். கிரீன் கார்டு வாங்கியவர்களும் குடியுரிமை பெற்றவர்களும் ஃபெடரல் கடன் வாங்கியிருந்தால் அவர்களுக்கு எல்லா விதியும் பொருந்தும்.

ட்ரம்ப் திரும்ப வந்ததும் தள்ளுபடி எல்லாம் முடிந்துவிட்டது என்கிறார்களே?

இதுவும் பாதி உண்மை. 2025 மே 5 முதல், தவணை கட்டத் தவறியவர்களிடம் கட்டாய வசூல் மறுபடி தொடங்கியது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான பெரிய வரிச் சட்டம், 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு வருமானத்துக்கு ஏற்ற தவணையில் ஒரே ஒரு புதிய திட்டத்தைத்தான் வைக்கிறது. அதில் தள்ளுபடி வர 30 வருடம் ஆகும். மேற்படிப்புக்கான கடனுக்கும் உச்சவரம்பு வந்துவிட்டது. ஆனால் பொதுச்சேவைத் தள்ளுபடி சட்டத்தில் அப்படியே இருக்கிறது, ஏனென்றால் அதை எடுக்க காங்கிரஸ் வாக்களிக்க வேண்டும். "எல்லாம் போச்சு" என்று படித்துவிட்டு, எட்டு வருடம் தகுதியான தவணை கட்டிய ஆசிரியர் ஒருவர் படிவம் அனுப்புவதை நிறுத்தினால் அவருக்குத்தான் நஷ்டம்.

இரண்டு தரப்பும் ஓரத்தில் வைத்த இன்னொரு விஷயம் வரி. 2021 சட்டப்படி தள்ளுபடியான மாணவர் கடனுக்கு ஃபெடரல் வருமான வரி இல்லை என்ற சலுகை 2025 கடைசியோடு முடிந்தது. வருமானத்துக்கு ஏற்ற திட்டத்தில் 20, 25 வருடம் கட்டி 2026ல் தள்ளுபடி வாங்குபவருக்கு, அந்தத் தொகை அந்த வருட வருமானத்தில் சேரும். 40,000 டாலர் ரத்தானால் 40,000 டாலர் கூடுதல் வருமானம் வந்த மாதிரி வரி போடுவார்கள். பொதுச்சேவைத் தள்ளுபடிக்கு இந்த வரி கிடையாது. உங்கள் தள்ளுபடி எந்த வகையில் வருகிறது என்று கடனை நிர்வகிக்கும் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வரிக் கணக்கு போடுபவருக்கு அந்தக் கடிதம் தேவைப்படும்.